ஆத்துல வாசிக்கிறவங்களுக்கு

என் கணவர் ஸ்ரீநாத் புல்லாங்குழல் வாசிப்பார். நன்றாக வாசிப்பார் என்று நான் சொல்லவில்லை. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட நாள் முதல், மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு காலையும் மாலையும் ஒரே தோடி ராகத்தைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார். மேல் ஸ்தாயிக்குப் போனால் மூச்சு பாதியில் அறுந்துவிடும். முடித்ததும் "எப்படி இருந்தது நீரஜா?" என்பார். எனக்கோ தி.நகர் ஆபீஸிலிருந்து வந்து குக்கர் வைக்கவே நேரம் போதாது.

அதனால்தான் அவருக்கு மின்னஞ்சல் மடல்கள் தேடினேன். மேடை ஏறாமல் ஆசைக்கு வாசிக்கிறவர்களுக்கென்று வாராவாரம் எழுதி அனுப்புகிறார்களாம், ஆபீஸில் ஒரு பெண் சொன்னாள். அவர் பெயரில் கண்டதற்கெல்லாம் பதிந்துவைத்தேன். முக்கால்வாசி குப்பை. ஒன்று கிதார் விற்றது. இன்னொன்று தினமும் விடியற்காலையில் ஊக்கம் கொடுத்து உயிரை வாங்கியது.

ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதன் பெயர் 'ஆத்துல வாசிக்கிறவங்களுக்கு'. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. சபாவில் இல்லை, ஆத்துல. எங்கள் பேச்சில் வீட்டில் என்று அர்த்தம். ஆத்துல என்கிறவர் 'வாசிக்கிறவாளுக்கு' என்றல்லவா எழுதுவார் என்று சின்னதாக ஒரு நெருடல் இருந்தது. எல்லோருக்கும் பொதுவாக எழுதியிருக்கிறார்கள், நாகரிகம் தெரிந்த மனிதர்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் மடலிலேயே இப்படி இருந்தது: 'தோடியில மேல போறப்ப மூச்சு அறுந்தா பயப்படாதீங்க. மூச்சைத் தேடாதீங்க. அது இல்லாமலே போயிடலாம்.'

"நான் தோடி வாசிக்கறது இவாளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

"கத்துக்குட்டிகள் எல்லாருக்கும் அதே வியாதிதான்" என்றேன்.

அடுத்த மடலில் 'ஜன்னல் பக்கம் திரும்பி வாசிங்க, இங்க நல்லா கேக்குது' என்று வந்தது. திரும்பி உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால், வாசிப்பு தேறிக்கொண்டே வந்தது. ஒரு மாலை, ராகத்தின் ஒரே பிடியை அவர் இழுத்துக்கொண்டே போக, நான் கரண்டியோடு கூடத்துக்கு வந்து அவர் மார்பைப் பார்த்தேன். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்பதை அவர் அதற்குள் விட்டிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை வந்த மடலை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். 'இன்னிக்கு சாயங்காலம் எல்லாரும் ஆத்துல கூடறோம். கோட்டூர்புரம் பாலத்தாண்ட எறங்கினா போதும். உங்களுக்கு எடம் போட்டாச்சு.'

"யாராத்துல? நம்பர் போடலையே?"

"பஸ்ஸை விட்டு இறங்கினா தெரியும்போல இருக்கு. நீ ஆபீஸ் முடிஞ்சு நேரே வந்துடு" என்றார். புது வேட்டியை எடுத்து வைத்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

மாலையில் தி.நகரில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் தங்கவேல் என்று பின்னால் எழுதியிருந்தது.

"கோட்டூர்பொரத்துல எங்கம்மா?"

"பாலத்துக்கிட்ட இறக்கிடுங்கோ. ஆத்துல கச்சேரி."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆத்துல இன்னாமா கச்சேரி? ஆத்துல தண்ணி தான் கீது."

சிரித்தேன். அவருக்கு ஆத்துல என்றால் ஆற்றில். அவருக்கு மட்டுமா, எங்களை விட்டால் ஊர் முழுக்க யாருக்கும் அப்படித்தான். அந்த நினைப்பு வந்ததும் மடலின் வரிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. மூச்சு இல்லாமலே போயிடலாம். பாலத்தாண்ட எறங்கினா போதும்.

"கொஞ்சம் வேகமா போங்கோ" என்றேன்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. பாலத்தை ஒட்டி ஆற்றுக்கு இறங்கும் சரிவில் குப்பையும் புதரும். கரையில் அவருடைய செருப்பு, சபா வாசலில் விடுகிற மாதிரி ஜோடி சேர்த்து விடப்பட்டிருந்தது. கறுத்த தண்ணீரில் மார்பளவு நின்று அவர் தோடி வாசித்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தும் இடத்தில், அதே பிடியைத் தண்ணீருக்கு அடியிலிருந்து திருப்பி வாசித்தார்கள். ஒரு குழல் இல்லை, பல குழல்கள். கேட்டுவிட்டு அவர் ஓரடி முன்னால் வைத்தார்.

"ஏன்னா" என்று கத்தினேன். "ஏன்னா, திரும்புங்கோ." காதில் விழவில்லை.

அப்போது எப்படித் தோன்றியதோ, மங்களம் பாட ஆரம்பித்தேன். மங்களம் பாடியாயிற்று என்றால் கச்சேரி முடிந்தது. எப்பேர்ப்பட்ட வித்வானும் எழுந்திருந்தாக வேண்டும். குரல் உடைந்து, சுருதி எங்கோ போயிற்று. ஆனாலும் கடைசி வரை பாடினேன்.

அடியில் குழல்கள் நின்றன. ஒரு கூட்டமே எழுந்து புடவையையும் வேட்டியையும் சரிசெய்துகொள்கிற சலசலப்பு மட்டும் தண்ணீருக்குள் கேட்டது. ஸ்ரீநாத் மெதுவாகத் திரும்பினார். என் பின்னால் ஓடிவந்த தங்கவேல் முழங்கால் தண்ணீரில் இறங்கி, "கையைக் குடு நைனா" என்று இழுத்துக் கரையேற்றினார். இப்படித் திரும்பக் கிடைத்தாரே என்று என் கணவர் மேல் விழுந்து அழுதேன்.

அந்த மடலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டேன். குழலை அவர் தொடுவதில்லை. எது சொன்னாலும் சரி என்கிறார். நானும் வாய் தவறாமல் 'வீடு' என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். என் அக்கா அதைக் கேட்டுக் கேலி செய்கிறாள்.

நேற்று மத்தியானம் ஆபீஸிலிருந்து அவர் செல்லுக்குக் கூப்பிட்டேன். மணி வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். ஃபேன் சத்தமோ தெருச் சத்தமோ எதுவும் இல்லை.

"எங்க இருக்கேள்?"

"எங்க போவேன் நீரஜா?" என்றார். "ஆத்துலதான் இருக்கேன்."