துப்பட்டாவைப் பிடித்த பெட்டி

ரோஸ்மேரி வீட்டில் அந்தப் பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. குழந்தைச் சட்டைக்குள் ஒடிந்த ஊசித்துண்டு இருந்தால் கத்தும். இல்லாவிட்டால் வாய் திறக்காது. செம்புக் கம்பி சுற்றியது ரோஸ்மேரி, சர்க்யூட் போட்டது தேஜஸ்ரீ. ரோஸ்மேரியின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். தேஜஸ்ரீயின் அப்பாவுக்கே பனியன் கம்பெனி. சட்டையில் ஊசி தங்கிவிட்டால் என்ன ரகளை நடக்கும் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

பள்ளிக் கண்காட்சியில் தேறும் ஒரே ஒரு கண்டுபிடிப்புதான் கோவைப் போட்டிக்குப் போகும். போன வருடம் உடன் படிக்கும் மாரிச்செல்வத்தின் தானியங்கித் தெருவிளக்கு போனது. இந்த வருடமும் அதற்கே புதுப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தான். இந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புதான் கடைசி. ரோஸ்மேரிக்கு இந்த முறை விட்டால் விட்டதுதான்.

கண்காட்சியன்று சுவிட்சைப் போட்டதுமே பெட்டி அலறியது. சட்டையே வைக்கவில்லை.

"ஏட்டி, என்ன இது பேய் பிடிச்ச மாதிரி கத்துது?" என்றாள் ரோஸ்மேரி.

"டேபிள் ஆணியா இருக்கும் புள்ள."

பனியன் வேஸ்ட் துணி மூட்டை ஒன்றை இழுத்துவந்து பெட்டியை அதன்மேல் வைத்தார்கள். அப்போதும் அலறல்.

"ஆம்புலன்ஸ் நல்லாருக்கு!" என்றான் மாரிச்செல்வம்.

ரோஸ்மேரி கோபத்தில் விலகி நின்றாள். பெட்டி அடங்கியது. குனிந்தாள், கத்தியது. விலகினாள், அடங்கியது.

"உன்னைக் கண்டா ஆகலையாட்ட இருக்குது" என்று தேஜஸ்ரீ குனிந்தாள். அவளுக்கும் கத்தியது.

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பார்த்தார்கள். சீருடைத் துப்பட்டாவில் இரண்டு பக்கமும் ஊக்கு. வீட்டில் நைட்டியோடு உட்கார்ந்து சோதித்தபோது ஊக்கு ஏது?

ஊக்கைக் கழற்றியதும் கண்ணம்மாள் டீச்சர் வந்துவிட்டார். "துப்பட்டாவ இப்படித் தொங்க விட்டுட்டா நடுவர் முன்னால நிப்பீங்க?"

"பின் குத்தினா கத்துமுங்க டீச்சர்."

"அப்பத் தெச்சுக்கங்க."

தையல் வகுப்பிலிருந்து ஊசியும் நூலும் வந்தன. ஒருத்திக்கு இன்னொருத்தி தைத்துவிட்டாள். தேஜஸ்ரீயின் தையல் வழி தவறிய எறும்பு போல ஓடியது.

"உங்கப்பா கம்பெனியில இத பாஸ் பண்ணுவாவளா?"

"ரிஜெக்ட்டுதான். பேசாம நில்லு, சார் வர்றாரு."

நடுவர் வெள்ளியங்கிரி, ஒரு கல்லூரி விரிவுரையாளர். ஊசித்துண்டு இருந்த சட்டையை அவரே வைத்தார். கத்தியது. தலையாட்டினார். ரோஸ்மேரி குனிந்து அதை எடுத்துவிட்டு நல்ல சட்டையை வைத்தாள். அதற்கும் கத்தியது.

"இதுல ஊசி இல்லைன்னு சொன்னியே கண்ணு?"

ரோஸ்மேரி ஓரடி பின்வாங்கினாள். பெட்டி அடங்கியது. அவள் கை தானாகத் தோளுக்குப் போனது. நூலை வெட்ட மறந்திருந்தார்கள். நுனியில் ஊசி ஆடிக்கொண்டிருந்தது.

"சட்டையில இல்ல சார். எம்மேல இருக்கு."

வெள்ளியங்கிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "தெச்சது யாரு?"

"நானுங்க" என்றாள் தேஜஸ்ரீ.

"நீ சர்க்யூட்டோட நிறுத்திக்க, கண்ணு."

ஊசியை எடுத்தபின் ரோஸ்மேரி மறுபடி குனிந்தாள். பெட்டி மூச்சு விடவில்லை. இதே ஊசி ஒரு குழந்தையின் சட்டையில் இருந்திருந்தால் என்று அவர் சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிக்காமல் மதிப்பெண் போட்டார்.

மாலையில் அவர்கள் பெயரைத்தான் வாசித்தார்கள்.

"கோயமுத்தூருக்கும் தெச்சுக்கிட்டுத்தான் போவீங்களா?" என்றார் டீச்சர்.

"இல்லீங்க. அப்பா கம்பெனியில சட்டைக்கு விலை டேக் அடிக்கிற கன் இருக்குதுங்க. அந்தப் பிளாஸ்டிக் முள்ளாலயே துப்பட்டாவ அடிச்சுக்குவோம்" என்றாள் தேஜஸ்ரீ.

"விலைச்சீட்டோடவா?" என்றான் மாரிச்செல்வம்.

"ஆமா, ஒன்னால வாங்க முடியாது" என்றாள் ரோஸ்மேரி.