மதிலோரத்து எருமைகள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சாராள் நேராக வீட்டுக்குப் போகமாட்டாள். கீழ்க்கட்டளையில் அவள் குடியிருந்த ஒற்றை அறைப் போர்ஷனில் காத்திருக்க யாருமில்லை. அப்பா போய் நான்கு வருஷம் ஆகிவிட்டது. தம்பி நாக்பூரோடு தங்கிவிட்டான். அவள் பல்லாவரத்தில் பஸ் மாறி அனகாபுத்தூரில் இறங்குவாள். தறிச் சத்தம் கேட்கும் சந்துகளில் புகுந்து ஆற்றுப் பக்கம் நடப்பாள். கைப்பையில் பைபிளோடு கோடு போடாத நோட்டு ஒன்றும் இங்க் பேனா ஒன்றும் இருக்கும்.

பேனா தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பிளாட்பாரக் கடையில் வாங்கியது. மூடியின் கிளிப் முதல் மாதமே கழன்று விழுந்தது. பேனாவின் கழுத்தில் மை கசியும் என்பதால் அவளுடைய நடுவிரலில் எப்போதும் கறை. ஆனாலும் நிப்பு அவள் கைக்குப் பழகிவிட்டது. நேராகப் பிடித்தால் தடித்த கோடு விழும், புரட்டிப் பிடித்தால் மயிரிழை. மை காய்வதற்குள் ஈரவிரலால் இழுத்துவிட்டால் நிழல். வாரத்தில் ஆறு நாள் பல்லாவரத்துக் கம்பெனியொன்றில் பிறர் எழுதிக் கொடுத்ததை டைப் அடித்துக்கொண்டிருந்தவளுக்கு, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் கோடுகள்தான் இருந்தன.

எண்பத்தைந்தாம் வருஷம் ஆனி மாதத்தில் அந்த மதில் அவள் கண்ணில் பட்டது. எப்போதோ மூடிப்போன தோல் மண்டியின் பின்பக்க மதில். இரண்டு ஆள் உயரம். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும். அதையொட்டி ஓலைச் சார்ப்பு இறக்கி நான்கு எருமைகளைக் கட்டியிருந்தார்கள். மதிலின் மேல்மூலையில் தொடங்கி ஒரு வெடிப்பு, கிளை பிரிந்து, எருமைகளின் முதுகுவரை இறங்கியிருந்தது. அன்றைக்கு எதிர்ப்பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து அதை வரைந்தபோது, இவ்வளவு நல்ல கோடு தன் கையிலிருந்து விழுந்ததேயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மறுவாரமும் அங்கேயே வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள்.

எருமைகள் தனக்கோடியுடையவை. அவளுக்கு முப்பது வயதிருக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாணி வாரிக்கொண்டிருந்தவள், மூன்றாவது வாரம் பக்கத்தில் வந்து நின்று நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, எருமைய வர்ஞ்சிகினு கீறியா? ஊர்ல வேற ஒண்ணும் கெடைக்கலியா உனுக்கு?"

"இதுங்க அசையாம நிக்குதுங்க. அதான்."

தனக்கோடி சிரித்தாள். "அந்தக் கொம்பு ஒடஞ்சது மட்டும் அசையும். பாத்துக்க."

அதன்பிறகு சாராள் வந்தால் ஒரு தம்ளர் மோர் வரும். தனக்கோடியின் புருஷன் ஜெயவேலு சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு பம்மல் வரைக்கும் போய் ஊற்றிவிட்டு வருபவன். அவன் சாராளிடம் அதிகம் பேசியதில்லை. பார்த்தால் தலையசைப்பான், அவ்வளவுதான். குழந்தை இல்லாத வீடு. எருமைகளுக்குத் தனக்கோடி கூப்பிடும் பெயர்கள்தான் அங்கே நாள் முழுக்கக் கேட்கும்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மதிலின் நிழல் எருமை முதுகில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று சாராள் வேகவேகமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். தனக்கோடி தீவனக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மதிலை அண்ணாந்து பார்த்தாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கறன். நீ வாரம் தவறாம இந்த செவுத்தயே உத்து உத்துப் பாக்கற. இந்த வெடிப்பு பெர்சாகினு வர்தா? எங்க வூட்டுக்காரு பெர்சாவுதுன்றாரு. மாட்ட அவுத்து ஆத்தங்கர மோட்டுல கட்டிடலாம்ன்றாரு. எனுக்கு ஒண்ணும் தெரில."

சாராள் தலை தூக்கவில்லை. எருமைகள் மேட்டுக்குப் போய்விட்டால் இந்த இடம் போய்விடும். மதில் இருந்தும் எருமை இல்லாத படம் அவளுக்கு வேண்டாம். இப்படியெல்லாம் அவள் அப்போது எண்ணிப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. நிப்பில் மை தீர்ந்துகொண்டிருந்தது, அதுதான் அவள் கவலை.

"அப்படியேதான் இருக்கு," என்றாள்.

"நெஜமாவா?"

"நான்தான் பாத்துக்கிட்டே இருக்கேனே."

தனக்கோடி கூடையை எடுத்துக்கொண்டு சார்ப்புக்குள் போனாள்.

ஐப்பசி முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு ஞாயிறு பஸ் ஓடவில்லை. அடையாற்றில் தண்ணீர் ஏறி அனகாபுத்தூர்ச் சந்துகளில் முழங்கால் அளவு நின்றதாகக் கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது ஞாயிறு சாராள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து போனாள். திருப்பத்தில் நின்றுவிட்டாள். மதில் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. கீழே செங்கல் குவியல். குவியலின் நடுவே ஓலைக் கீற்றுகள் ஒடிந்து துருத்திக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டில் நூல் உலர்த்திக்கொண்டிருந்த அங்காளம்மாள்தான் சொன்னாள்.

"பொதன்கெழம, பால் கறக்கற நேரம். சத்தம்கூட பெர்சா இல்ல, மண்ணு சரியற மாதிரிதான். மூணு மாடு அங்கியே போச்சு. தனக்கோடிய எடுக்கறதுக்கு மத்தியானம் ஆயிட்ச்சு. செம்பு கையிலயே இருந்திச்சு."

சாராள் வந்த வழியே திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டுகளைத் தரையில் பரப்பினாள். ஒவ்வொரு படத்தின் கீழ்மூலையிலும் தேதி இருந்தது. ஆனி மாதப் படத்தில் வெடிப்பு ஒற்றைக் கோடு. ஆவணியில் இரட்டைக் கோடு, நடுவே வெள்ளை. புரட்டாசியில் அந்த வெள்ளையை அவள் மை தேய்த்துக் கறுப்பாக்கியிருந்தாள், உள்ளே இருட்டுத் தெரிய ஆரம்பித்திருந்ததால். கண்டதைக் கண்டபடி கை போட்டிருந்தது. மதில் ஒருபக்கமாகச் சாய்ந்ததைக்கூட விடவில்லை. எழுந்து குழாயடிக்குப் போய்விட்டு வந்து மறுபடியும் அவற்றின் முன்னால் உட்கார்ந்தாள்.

கார்த்திகை கடைசியில் மதில் விழுந்தது பற்றி அரசாங்க விசாரணை வைத்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மண்டிக்காரர் சார்பில் வந்திருந்த ஆள், மதில் கல்லுப்போல இருந்தது என்றும், வெள்ளத்தில் அடிமண் கரைந்துதான் விழுந்தது என்றும், கேட்காமல் மாடு கட்டியது அவர்கள் குற்றம் என்றும் சொன்னான். ஜெயவேலு மழித்த தலையோடு ஓரமாக நின்றான். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டதும் சாராள் எழுந்து போய் நோட்டுகளை மேஜைமேல் வைத்தாள்.

"சார், மதில் ஆனி மாசத்துலேர்ந்தே வெடிச்சிருந்தது. தேதியோட இருக்கு. வாரா வாரம் வெடிப்பு அகலமாயிருக்கு, பாருங்க."

அதிகாரி பொறுமையாகவே புரட்டினார். "நல்லா வரையறீங்கம்மா. ஆனா இது கையால போட்டது. எப்ப வேணா போடலாம், என்ன தேதி வேணா எழுதலாம். போட்டோ இருக்கா?"

"இல்ல சார்."

"இவ்வளவு தெளிவா தெரிஞ்சிருக்கே, அப்ப நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

சாராள் திறந்திருந்த நோட்டை மூடினாள்.

"இறந்துபோனவங்க என்னைக் கேட்டாங்க சார், வெடிப்பு பெருசாகுதான்னு. அப்படியேதான் இருக்குன்னு சொல்லிட்டேன்."

அதிகாரி நோட்டுகளைச் சேர்த்து அவள் பக்கமாகத் தள்ளினார். மண்டிக்கார ஆள் சிரித்ததை அவள் காதால் கேட்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் ஜெயவேலு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் போகட்டும் என்றுதான் நிற்கிறான் என்று நினைத்தாள். அவன் பேசினான்.

"மேட்டுக்கு ஓட்டிடலாம்னு நான் கவுறகூட அவுத்துட்டன். அந்த அக்கா படிச்சது, வாராவாரம் பாக்குது, ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிச்சுன்னு அவ சொன்னா. திரும்பிக் கட்டிட்டன்."

"ஆமா," என்றாள் சாராள்.

"அந்த நோட்ட குடு. அவ மொகம் இருக்கா பாக்கறன். வூட்ல ஒரு போட்டோகூட கெடையாது. கல்யாணத்துல எடுத்தது வெள்ளத்துல ஊறிப்போச்சு."

சாராள் நோட்டுகளைக் கொடுத்தாள். அவன் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். மதில். கொம்பு. வால். கழுநீர்த் தொட்டி. மண்டியின் கூரை. ஒடிந்த கொம்புக்காரி படுத்திருப்பது. கட்டடங்களையும் மிருகங்களையும் தவிர சாராள் எதையும் வரைந்ததில்லை. ஐந்து மாதம் பக்கத்திலேயே நின்று மோர் கொடுத்தவளை வரையவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அதை இவனிடம் எப்படிச் சொல்வது?

இரண்டாவது நோட்டின் நடுவில் அவன் கை நின்றது. ஓர் எருமை பக்கவாட்டில் நிற்கும் படம். வயிற்றுக்குக் கீழே, நான்கு குளம்புகளுக்கு இடையில், அந்தப் பக்கம் குந்திப் பால் கறப்பவளின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. தரையில் விழுந்த நிழல் சரியாக வரவேண்டும் என்று அவற்றையும் சேர்த்துப் போட்டிருந்தாள். இடது காலின் சுண்டுவிரல் அடுத்த விரல்மேல் ஏறியிருந்தது.

"இது அவ காலுதான்," என்றான்.

அவன் விரலை அதன்மேல் வைக்கவில்லை, பக்கத்தில் வைத்திருந்தான். சாராள் தாளைக் கிழித்துக் கொடுக்கக் கை நீட்டினாள். அவன் தரவில்லை. தானே தையலோரமாக மெல்லக் கிழித்து, சட்டைக்குள் வெற்றுடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டான். மீதி நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தான்.

"நீ இனிமே எங்க பக்கம் வராதக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. வேலை முடிந்தவனைப்போலச் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். பின்னால் பால் கேன் இல்லை, கொக்கி மட்டும் ஆடியது.

வெள்ளத்தால் மதில் சரிந்ததாகவே அறிக்கை வந்தது. தை மாதத்தில் செங்கல்லை லாரியில் ஏற்றி அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றும், மிச்சமிருந்த ஒரு மாட்டை விற்றுவிட்டு ஜெயவேலு பொழிச்சலூர்ப் பக்கம் கூலிக்குப் போகிறான் என்றும், பல்லாவரம் சந்தையில் பார்த்தபோது அங்காளம்மாள் சொன்னாள். சாராள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கீழ்க்கட்டளை பஸ் வந்ததும் ஏறி, பெண்கள் பக்கம் இடமிருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே போனாள்.