கல் உடையும்வரை பேசக் கூடாது

எங்கள் ஆய்வகத்தில் அழுத்தப் பொறி ஓடும்போது யாரும் பேசக் கூடாது. நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது. கல்லில் விழும் விரிசலின் சத்தத்துக்காக வைத்த கருவிகள் எங்கள் இருமலையும் பிடித்துவிடும். அதனால் நானும் அங்கேயே என்னோடு வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரும் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது அங்கே ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

சண்டை இதுதான். கடல் தாண்டி ஒரு பெரிய ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். "போகட்டுமா?" என்று கேட்டால், "உன் இஷ்டம்" என்பார். அழுது பார்த்தேன், கத்திப் பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அந்த ஊமைக்கோட்டான் அசைந்தால்தானே!

பொறிக்குள்ளும் ஓர் அழுத்தக்காரன்தான் இருந்தான்: மிளகளவு பச்சைக் கல். பூமிக்குள் பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில், அந்தச் சூட்டில் பாறை குழைந்து நகர வேண்டும், உடையக் கூடாது. ஆனாலும் அங்கிருந்து நிலநடுக்கம் கிளம்புகிறது. அதற்கு அழுத்தம் மட்டும் போதாது என்பது எங்கள் சந்தேகம். கல்லுக்குள் எங்கோ ஒரு மெல்லிய இழையில் பொடிப்பொடியாக வேறு படிகம் உருவாகி, அந்த இடம் வலுவிழக்க, மொத்தமும் ஒரே நொடியில் நழுவுகிறது. அந்த நழுவலைக் கேட்கத்தான் காத்துக்கிடந்தோம்.

மதியம் பிளாஸ்க்கைத் திறந்தேன். மூடியில் டீ ஊற்றி, பாதி குடித்துவிட்டு, மீதியை அவர் பக்கம் தள்ளினேன். கோபமாக இருக்கிறோம் என்பது என் கைக்கு மறந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அதற்கு அப்படித்தான் பழக்கம்.

அவர் அந்த மூடியையே பார்த்தார். கண் கலங்கியது. திடீரென்று எழுந்தார்; நாற்காலி தடாலென்று பின்னால் விழுந்தது.

"அங்க போயி மீதி டீயை யாருக்குக் குடுப்பே?"

"உஷ்! கல்லு..."

"கல்லு கெடக்கட்டும். 'போகட்டுமா'ன்னுதானே கேட்டே? 'கூட வாங்க'ன்னு ஒரு தடவையாவது சொன்னியா?"

உண்மைதான். சொல்லவே இல்லை. இவரை வேலையை விட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இவரோ, நான் இவர் வேண்டாம் என்று கிளம்புவதாக நினைத்து, வாரம் முழுக்க உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறார்.

"கூட வாங்க," என்றேன்.

அதற்குள் எங்கள் ஆய்வகத் தலைவியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். திரையில் பதிவுக் கோடு உச்சிவரை எகிறி நின்றது.

"உடைஞ்சிடுச்சா?" என்றார், வாயெல்லாம் பல்லாக.

"கல்லு இல்ல மேடம்," என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவரு."