லூர்துராஜின் ஆத்துமம் இளைப்பாற

அகஸ்டின் எழுதினால் சிரிக்காமல் இருக்க முடியாது என்று டெல்லித் தமிழர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வீடு. அவருடைய நகைச்சுவை நாவல்கள் வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்து புத்தகங்களாகவும் ஆகியிருந்தன. கல்யாண வீடுகளில் அவரைக் கண்டதும் ஜனங்கள் முன்கூட்டியே சிரித்தார்கள். பரிசு மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

"சிரிக்க வைக்கிறவனுக்குக் கை தட்டுவாங்க சார், சால்வை போட மாட்டாங்க," என்றார் இலக்கிய வட்டச் செயலாளர் கலியமூர்த்தி. "உங்க எழுத்துல ஒரு சாவு உண்டா? ஒரு பிரிவு உண்டா? மனுஷன் உடையணும் சார். உடைஞ்சாத்தான் பரிசுக் கமிட்டி படிக்கும்."

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அகஸ்டின் உடைவதென்று தீர்மானித்தார். ஆனால் எதை வைத்து உடைவது? அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியில் நிறைந்த வயதில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பதவி உயர்வு வர வேண்டிய நேரத்தில் வந்தது. மனைவி அல்போன்சாவுக்குச் சர்க்கரைகூட இல்லை. யோசித்துப் பார்த்ததில், கைவசம் இருந்த ஒரே துக்கம் தம்பி லூர்துராஜ்தான்.

லூர்துராஜும் டெல்லியிலேயே, கோல் மார்க்கெட்டில் இருந்தான். பேச்சு நின்று சில வருஷம் ஆகியிருந்தது. மாமனார் இறந்த தகவல் கேட்டு ஊருக்கு ஓடியவன், அவசரத்தில் பக்கத்துத் தெருவிலிருந்த வேறொரு சாவு வீட்டுக்குள் நுழைந்து, முகம் தெரியாத ஒருவரின் காலைப் பிடித்துக்கொண்டு கதறிவிட்டான். அதை அகஸ்டின் தீபாவளி மலரில் எழுதினார். ஆபீஸில் எல்லோரும், "இன்னிக்கு எந்த வீட்டுல அழுகை?" என்று லூர்துராஜைக் கேட்டார்கள். அவன் மனைவி ரெபேக்கா, "எங்கப்பா செத்தது ஒங்க அண்ணனுக்குத் தமாஷா?" என்றாள். அதோடு போக்குவரத்து நின்றது.

நாவல் நன்றாக வளர்ந்தது. பேசாமல் போன இரண்டு சகோதரர்கள். மன்னிப்புக் கேட்காத அண்ணனை நினைத்து நினைத்தே தம்பி நெஞ்சு வலியில் சாவதாகத் திட்டம். எழுதும்போது அகஸ்டின் நிஜமாகவே அழுதார்.

"இப்பிடி ஒக்காந்து அழுததுக்கு, ஒரு பஸ் புடிச்சுப் போயி அவுகளைப் பாத்துட்டு வரலாம்லா," என்றாள் அல்போன்சா.

"நாவல் முடியட்டும்."

ஒரு நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்து, "அண்ணே, சௌக்கியமா?" என்று குரல் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தார். லூர்துராஜ். ஆள் மெலிந்து, சிரிக்கலாமா என்று கேட்பது போல் நின்றுகொண்டிருந்தான். அகஸ்டினுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் தம்பி சாகும் கட்டத்தை இன்னும் எழுதவில்லை. இன்றைக்கு இவனோடு டீ குடித்துவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு இவனைச் சாகடிப்பது? "பையா, ஜல்தி கரோ," என்று கடைக்காரரை அவசரப்படுத்திவிட்டு, காது கேட்காதவர் போல் நடந்தார். அன்று சாயங்காலமே மரணக் கட்டத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். பிரமாதமாக வந்திருந்தது.

புத்தகத்தின் முதல் பக்கத்தில், 'நான் இழந்த தம்பி லூர்துராஜுக்கு' என்று போட்டார். டெல்லித் தமிழர்கள் கண் கலங்கினார்கள். கலியமூர்த்தி கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார். "தம்பி எப்போ தவறினாங்க?" என்று ஒருவர் கேட்டார். அகஸ்டின் கண்களை மூடிக்கொண்டு, "அதைப் பத்திப் பேசுற நிலைமையில நான் இல்ல," என்றார்.

புத்தகத்தைப் படித்து உருகிப்போன ஒரு நர்ஸம்மா, மாதா கோவிலில் அந்த மாதத் தமிழ்ப் பூசையில் லூர்துராஜுக்காக வேண்டிக்கொள்ளும்படி கருத்து எழுதிக் கொடுத்துவிட்டாள். சாமியார் வாசித்தார்: "மரித்த லூர்துராஜின் ஆத்துமம் நித்திய இளைப்பாற்றி அடையும்படி..."

பின் வரிசையில் லூர்துராஜ் எழுந்தான். "சாமி, நான் இங்கதான் இருக்கேன்," என்றான் பணிவாக.

சாமியார் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அப்போ, உடல் சுகத்துக்காகன்னு வச்சுக்குவோம்," என்றார்.

கோவிலே சிரித்தது. முன் பெஞ்சில், காலையிலிருந்து அனுதாபங்களை வாங்கிக்கொண்டிருந்த அகஸ்டின் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே ரெபேக்கா அவரைப் பார்க்காமல் ஆட்டோ பிடிக்கப் போனாள். லூர்துராஜ் மட்டும் நின்றான்.

"அண்ணே, அன்னைக்கு மார்க்கெட்ல நான் கூப்பிட்டது காதுல விழுந்துதா?"

"விழுந்துது."

"பெறவு ஏன் திரும்பல?"

"அப்போ நீ சாகுற எடத்தை எழுதிக்கிட்டிருந்தேன்."

லூர்துராஜ் தலையை ஆட்டினான். "நல்லாத்தான் எழுதியிருக்கீக. நானும் படிச்சு அழுதேன். ஆனா நெஞ்சு வலி எப்பிடி இருக்கும்னு எங்கிட்ட கேட்டிருக்கலாம். போன வருஷம் எனக்கு வந்துது. ஆஸ்பத்திரியில கெடந்தேன். நீங்க எழுதின மாதிரி கை வலிக்கல, தாடைதான் வலிச்சுது."

ஆட்டோ வந்தது. அவன் ஏறிக்கொண்டான்.

சில நாள் கழித்துக் கலியமூர்த்தி போன் செய்தார். "கமிட்டியில எல்லாரும் படிச்சுட்டாங்க சார். பூசைக் கதையும் கேள்விப்பட்டாங்களாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம்." அகஸ்டின் போனை வைத்தார். பிறகு தம்பி வீட்டு நம்பரைச் சுழற்றினார். அவர் குரல் கேட்டதும் ரெபேக்கா வைத்துவிட்டாள். மறுநாளும் வைத்தாள்.

அல்போன்சாவுக்கு மட்டும் அந்த வீட்டில் கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு தனியாகப் போய் வந்தாள். வரும்போது சில நாள் சிரித்த முகமாக இருப்பாள். சில நாள் கண் சிவந்திருக்கும். அகஸ்டின் வாசலிலேயே நிற்பார்.

"எப்பிடி இருக்கான்? என்ன பேசுனீங்க?"

"ஒங்ககிட்ட சொன்னா எழுதிப்புடுவீக," என்று சொல்லிவிட்டு, அவள் காலி டப்பாவைக் கழுவ உள்ளே போவாள்.