நிற்கச் சொன்ன நாள்

பர்மாவில், தாமுவே என்ற இடத்துச் சந்தையில் அப்பளம் விற்கும் ஜெயம்மாவுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. குடியிருந்ததோ நான்காவது மாடி. ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து எழுந்துதான் வீடு போய்ச் சேருவாள். மாத்திரை தின்று அலுத்துப்போன நேரத்தில், கீழ்வீட்டுச் சீனக்காரி டோ மே லின் அவளை விடிகாலையில் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஏழு பெண்கள் முழங்காலைத் தளர்த்தி, பெரிய பானையைக் கட்டிப் பிடித்த மாதிரி கைகளை வளைத்து, அசையாமல் நின்றார்கள். மூச்சைத் தொப்புளுக்குக் கீழே இறக்கி அங்கேயே சேர்க்க வேண்டுமாம். அப்படிச் சேருகிற உயிர்ச்சக்திக்குச் சீனத்தில் 'சீ' என்று பேராம்.

"அதை யாரும் குடுக்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. நீயா விட்டாத்தான் போகும்" என்றாள் மே லின்.

வீட்டில் கணவர் சபாபதி சிரித்தார். "போயும் போயும் சீன்னா பேரு? நம்மகிட்ட இல்லாத பிராணாயாமமா?"

"இருந்துச்சே, நீங்க ஒரு நாளாச்சும் செஞ்சீங்களா?" என்றாள் ஜெயம்மா.

முதல் நாள் ஐந்து நிமிடத்தில் தொடை நடுங்கியது. எட்டு மாதத்தில் ஒரு மணி நேரம் நின்றாள். நான்கு மாடியையும் உட்காராமல் ஏறினாள்.

தொண்ணூற்றாறு டிசம்பரில் ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்த வாரமே பூங்காவிலிருந்த ஒன்பது பெண்களையும் வார்டு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். இனிமேல் கூடமாட்டோம் என்று எழுதிய தாளை வார்டு தலைவர் நீட்டினார். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மே லினும் போட்டாள்; அவள் கடைக்கு உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஜெயம்மா அவளைக் குறை நினைக்கவில்லை. ஆனால் பேனாவைத் தொடவுமில்லை.

"நாங்க என்ன தப்பு பண்ணோம், சயா?" என்று கேட்டாள். அந்த ஊர்ப் பேச்சில் 'சயா' என்றால் ஐயா.

"அஞ்சு பேர் கூடினாலே குத்தம். நீங்க சக்தி சேர்க்கிறீங்கன்னு ஒருத்தி சொல்லிட்டா. யாருக்கு எதிரா சேர்க்கிறீங்க?"

"நாலு மாடிப் படிக்கு எதிரா."

தலைவரின் முகம் சிவந்தது. "கையெழுத்துப் போடுற வரைக்கும் அந்த மூலையில நில்லு. உட்காரக் கூடாது."

ஜெயம்மா போய் நின்றாள். முழங்காலைத் தளர்த்தினாள், கைகளை வளைத்தாள். மூச்சை மெல்லக் கீழே இறக்கினாள். அடிவயிற்றில் சூடு பரவியது. பயம் போகவில்லை, ஆனால் கால்கள் அவளைத் தாங்கின. ஒரு மணி நேரம் போயிற்று. குமாஸ்தாக்கள் எழுதுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சான்றிதழுக்கு வந்தவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஒரு கிழவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தலையசைத்து மறுத்தாள்.

மூன்று மணி நேரம் கழித்துத் தலைவர் கத்தினார். "போ வெளியே! எனக்குச் சாப்பாட்டு நேரமாச்சு!"

"மூச்சு விடமாட்டேன்னு நான் எங்கேயும் எழுதித் தரமாட்டேன், சயா" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள். தெருமுனை திரும்பியதும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அந்த மாதமே சந்தை வாசலிலிருந்த அவள் இடத்தைச் சாக்கடை ஓரத்துக்கு மாற்றினார்கள். யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். அப்பளத்தை மூடி வைத்து விற்றாள்.

பூங்காவுக்குப் போவதை நிறுத்தவில்லை. தனியாக நிற்பவளைக் கூட்டம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பத்தாம் நாள் மே லின் வந்தாள். தலை குனிந்தபடி இருபதடி தள்ளி நின்றுகொண்டாள்.

"கிட்ட வா. ரெண்டு பேர்தானே" என்றாள் ஜெயம்மா.