எட்டாம் நாளுக்கு முன்

யூத மதகுரு ரபி சிமந்தோவ் குழியோரம் மண்டியிட்டு வெள்ளைத் துணியைக் காலிலிருந்து இடுப்பு வரைக்கும் விலக்கினார். அவர் கையில் இருந்தது கத்தி அல்ல, கூராகச் சீவிய நாணல். பிறந்து ஆறாம் நாள் இறந்துபோன பிள்ளை. எட்டாம் நாள் வீட்டில் உறவுகள் கூடியிருக்க நடந்திருக்க வேண்டிய, நுனித்தோலை அறுக்கும் விருத்தசேதனம், ஜெருசலேமின் மலைச்சரிவு மயானத்தில் நடந்தது. கடவுளோடு செய்த உடன்படிக்கையின் அடையாளம் இல்லாமல் ஆண்பிள்ளையை மண்ணுக்குள் அனுப்பக் கூடாதாம்.

பிள்ளையின் தகப்பன் ஹெஸ்கேல் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தான். முடியவில்லை. ரத்தம் வரவில்லை. பிள்ளை அழவும் இல்லை. விருந்துக்கென்று அக்கா ஊறவைத்த கொண்டைக்கடலை வீட்டில் அப்படியே கிடந்தது.

"ஆசீர்வாதம் சொல்லலியா ரபி?"

"செத்த பிள்ளைக்கு ஆசீர்வாதம் கிடையாது தம்பி. அறுக்கிறது மட்டும்தான்." நாணலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஏழு நாள் துக்கமும் உக்கார வேணாம். முப்பது நாள் தாண்டாத பிள்ளைக்கு அது இல்ல. நாளைக்கே நீ கடையைத் தொறக்கலாம்."

சந்தையில் ஊறுகாய் விற்கிறவனுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர்தான். பிணங்களோடு பழகிப் பழகி நாக்கு மரத்துப்போயிருந்தது.

"பேரு என்ன வெக்கலாம்? மரிச்சவங்க எழும்புற நாள்ல கூப்பிடணும்ல."

"மெனாஷே" என்றான் ஹெஸ்கேல்.

பின்னால் நின்ற அவன் அப்பா கைத்தடியைக் கல்லில் தட்டினார்.

"டேய், அது என் பேரு."

அவர் பெயர்தான். தாத்தா உயிரோடு இருந்தாலும் மூத்த பேரனுக்கு அவர் பெயரை வைப்பதுதான் பாக்தாத்திலிருந்து வந்தவர்களின் வழக்கம். ஹெஸ்கேலுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். அத்தனை வருடமும் கிழவர், தன் பெயர் வருகிறது, வருகிறது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"உசுரோட இருக்கிறவன் பேரைக் குழியில போடுவியா? மெத்தூசலான்னு வை. யாருக்கும் தேவைப்படாத பேரு."

வேதத்தில் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வருடம் வாழ்ந்தவனின் பெயர். ஆறு நாள் பிள்ளைக்கு.

"பெரியவர் சொல்றதும் சரிதான். வழக்கம் அப்படித்தான்" என்றார் ரபி.

"என் பேரை அடுத்த பிள்ளைக்கு வை" என்றார் அப்பா, குரலைத் தணித்து. "ஆபிரகாமுக்கு நூறு வயசுல ஆண்டவர் பிள்ளை குடுத்தாரு. சொன்ன சொல்லு மாறாதவரு. ஆயிரம் தலைமுறைக்கு வாக்குக் குடுத்தவரு உனக்கு இன்னொண்ணு குடுக்க மாட்டாரா?"

ஹெஸ்கேலின் சிறுவயதில், வாக்களிக்கப்பட்ட தேசம் என்று வந்து விமானத்திலிருந்து இறங்கியபோது தலையில் பூச்சிமருந்தைத் தெளித்து, ஒரு கூடாரத்தைக் காட்டினார்கள். சேற்றில் இரண்டு மழைக்காலம் கிடந்தபோதும் அப்பா இதே குரலில்தான் பேசினார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அன்றைக்கு ஹெஸ்கேல் அழாமல் தூங்கினான். இன்றைக்கு அவன் தலையை அசைத்து மறுத்தான்.

"அடுத்தது இல்லப்பா."

"வாயைக் கழுவு."

"ஹபீபாவுக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கல. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. டாக்டர் என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. அவளுக்கே இன்னும் தெரியாது."

ரபி துணியைக் கீழே இழுத்து மூடினார். காற்றில் தைல மரங்களின் வாசனை வந்தது. அப்பா குனிந்து பிள்ளையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இப்போதாவது தன் தோளில் கை வைப்பார் என்று ஹெஸ்கேல் நம்பினான்.

"பொண்டாட்டி சாராளுக்குப் பிள்ளை இல்லாதப்ப ஆபிரகாம் என்ன செஞ்சாரு? வேலைக்காரிகிட்ட பெத்துக்கலியா?" என்றார் அப்பா. "உனக்கு நாப்பதுதானடா ஆவுது. அவளை அவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடு. வேற ஒருத்தியப் பாப்போம்."

ஹபீபா அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் மார்பில் துணி கட்டிப் படுத்திருந்தாள். பால் நிற்பதற்காக நர்ஸ் இறுக்கிக் கட்டியது.

"தம்பி, பேரு?" ரபி மறுபடி கேட்டார்.

ஹெஸ்கேல் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மெனாஷே. ஹெஸ்கேலோட மகன் மெனாஷே."

"வேணாம்டா" என்றார் அப்பா. எண்பது வயதில் முதல் தடவையாக அவர் மகனிடம் கெஞ்சினார். "நான் இருக்கேன்டா இன்னும்."

"பேரு வெக்கிறது தகப்பன் உரிமைதானே ரபி?"

ரபி தலையை ஆட்டினார். பிள்ளையின் மேல் குனிந்து, மெனாஷே என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் கிழவரின் உதடு நடுங்கியதை ஹெஸ்கேல் பார்த்தான். பார்க்க வேண்டும் என்றே பார்த்தான்.

பிள்ளையை இறக்கினார்கள். ஹெஸ்கேல் ஒரு தடவை மண் தள்ளிவிட்டு மண்வெட்டியைத் தரையில் வைத்தான். சாவு மண் தள்ளிய மண்வெட்டியைக் கைக்குக் கை மாற்றக் கூடாது. அடுத்தவர்தான் குனிந்து எடுக்க வேண்டும். அப்பா எடுக்கவில்லை. மயான வாசலில் கை கழுவும் குழாயை நோக்கித் தடியை ஊன்றி இறங்கிப் போனார்.

ஹெஸ்கேலே அதை மறுபடி எடுத்தான். அந்தச் சின்னக் குழியை மூட இன்னும் மூன்று தடவை தள்ளினாலே போதுமாயிருந்தது.