கண்ட அளவு

அளவுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை; சிலருக்கு விசிலடிக்க வராது இல்லையா, அந்த மாதிரி. சின்ன வயதில் வகுப்பு ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது, யார் உடைத்தது என்று வாத்தியார் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து நின்று, தன்னையும் தன் தங்கையையும் சேர்த்தே காட்டிக்கொடுத்தவர். அன்றைக்கு வாங்கிய அடியைத் தங்கை இன்றுவரை சொல்லிக்காட்டுவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள்.

அவருக்கு வேலை துறைமுகத்தில். துறைமேடையின் கோடியில் கடலுக்குள் ஊன்றிய ஒரு கம்பம், அதில் அடிமுதல் நுனிவரை கோடுகளும் எண்களும். தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இதைப் போய் ஒரு மனுஷன் இருபத்திரண்டு வருஷம் செய்தான் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரே சிரிப்பார். ஆனால் மழையோ காய்ச்சலோ, ஒருநாள் விட்டதில்லை. தன் கல்யாணத்தன்று காலையிலும் போய்ப் பார்த்து எழுதிவிட்டு வந்துதான் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டார்.

தங்கை தையற்காரி. கடலோரக் கடைசித் தெருவில் கடைசி வீடு. மச்சான் கப்பலோடு போகிறவர், வருஷத்தில் எட்டு மாசம் வீட்டில் இருக்கமாட்டார். முன்னறையில் தையல் மெஷின், அடுத்தது சமையலறை, அதற்குப் பின்னால் ஒரு கொல்லை இருந்தது. கொல்லையைக் கடல் எடுத்துக்கொண்டு ஆறு வருஷமாகிறது. இப்போது பெரிய அலை எழுந்தால் தண்ணீர் சமையலறை வழியாக நுழைந்து, மெஷினின் மிதிபலகையை நனைத்துவிட்டு, வந்த விருந்தாளி மாதிரி வாசல் வழியாக வெளியே போகும்.

அந்தத் தெருவின் நாற்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து எண்ணெய்க் கம்பெனிமேல் வழக்குப் போட்டார்கள். முதல் கையெழுத்து தங்கையுடையது. பூமியைத் தோண்டி எண்ணெய் எடுக்கிறாய், விற்கிறாய், அது எரிந்து புகையாகிறது, புகை வானத்தில் தங்கி உலகத்தையே சூடேற்றுகிறது, அந்தச் சூட்டில் கடல் உப்பி எங்கள் வீட்டுக்குள் வருகிறது. ஆகவே பத்து வருஷத்துக்குள் உன் புகையைப் பாதியாகக் குறை என்று நீதிமன்றம் கட்டளையிட வேண்டும். வழக்கு இவ்வளவுதான். நஷ்டஈடு கேட்கவில்லை. கேட்காததற்கே பாதி ஊர் அவர்களைக் கிறுக்கு என்றது.

“புது வீடே கட்டிக் குடுத்தாலும் அதையும் கடல்தானே திங்கப்போகுது? நிறுத்துன்னு சொல்ல ஒருத்தர் வேணும்ல?” என்பாள் தங்கை.

எங்கள் வேலை விற்பதோடு முடிந்தது, எரிப்பது வாங்குகிறவர் என்று கம்பெனி பதில் மனு போட்டபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நான் தைச்ச பேன்ட் குனியும்போது கிழிஞ்சா, குனிஞ்சது நீதானேன்னு சொல்லிட முடியுமா? நேரா என்கிட்டதானே கொண்டுவந்து வீசுறாங்க?”

வக்கீலம்மாவிடம், உலகத்துக் கடலெல்லாம் ஏறுகிறது என்பதற்குக் கட்டுக்கட்டாக ஆவணம் இருந்தது. இந்தத் தெருவின் கடல் ஏறியதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அளவுக்காரரின் பதிவேடு. “உங்க அண்ணன்தாம்மா நம்ம கேஸே” என்று அவர் தங்கையிடம் சொன்னதை அளவுக்காரர் பக்கத்திலிருந்து கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்துபோனபோது அவர் கால் தரையில் பாவவில்லை.

வழக்குப் போடுவதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தங்கையின் சமையலறைச் சுவரில் பதினேழு ஆணிகள் இருந்தன. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வந்து வடிந்ததும், சுவரில் அது நின்ற ஈரக்கோட்டில் ஒரு சின்ன ஆணி அடித்து, அன்றைக்கு மெஷினில் ஓடிக்கொண்டிருந்த நூலை அதில் நாலு சுற்றுச் சுற்றிவிடுவாள். பச்சை என்றால் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கு உடுப்புத் தைத்த வாரம். மஞ்சள் என்றால் பேக்கரிக்காரர் மகளின் கவுன். அளவு எழுதும் நோட்டைப் புரட்டினால் தேதியே கிடைத்துவிடும். எதற்காக இதைச் செய்கிறாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நாள் முழுக்க இடுப்பையும் தோளையும் அளந்து பழகிய கை, கடலையும் அளந்து வைத்தது.

வக்கீலம்மா வீட்டைப் பார்க்க வருகிறார் என்றதும், முந்தின நாள் அளவுக்காரர் வந்து சுவருக்கு முன்னால் உட்கார்ந்தார். டேப்பை நீட்டிப் பிடித்தார். கையோடு கொண்டுவந்த பதிவேட்டைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

“ஒத்துப்போகலையே. உன் ஆணி ஒண்ணு சொல்லுது, என் புத்தகம் ஒண்ணு சொல்லுது.”

“வீட்டுக்குள்ள வர்ற அலை வேற, நீ கம்பத்துல பாக்குற தண்ணி வேற இல்லையாண்ணா?”

“அது உனக்கும் எனக்கும் புரியும். கோர்ட்டுல ரெண்டு அளவு இருந்தா ரெண்டையும் தூக்கி எறிஞ்சிடுவாங்க. ஒரே அளவுதான் இருக்கணும், அது ஆபீஸ் அளவா இருக்கணும். தையல்காரி அடிச்ச ஆணியெல்லாம் சாட்சி சொல்லுமா?”

கடைசியாகச் சொன்னதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டார். சொன்னதோடு நில்லாமல், குறடு எடுத்துப் பதினேழையும் அவரே பிடுங்கினார். துளைகளில் பட்டி பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பூச்சு வெள்ளையடித்தார். எந்த வேலையைத் தொட்டாலும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. தங்கை கீழே விழுந்த ஆணிகளை நூலோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். “ரொம்ப வருஷமா இருந்துச்சு” என்று மட்டும் சொன்னாள். அண்ணன் அளவுக்காரன் ஆயிற்றே, அவனுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள்.

குறுக்கு விசாரணையில்தான் எல்லாம் நாசமாய்ப் போனது. கம்பெனி வக்கீல் கத்துகிற ஆள் இல்லை, தேனொழுகப் பேசுகிறவர். “இருபத்திரண்டு வருஷத்துல ஒருநாள்கூட விடலையாமே! இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரா?” என்று ஆரம்பித்தார். அளவுக்காரர் கூச்சத்தோடு சிரித்தார்.

“கம்பத்துல என்ன எண் தெரியுதோ, அதைத்தான் எழுதுவீங்க, அப்படித்தானே?”

“இல்லைங்க. அஞ்சு சென்டிமீட்டர் கழிச்சு எழுதுவேன்.”

வக்கீலம்மாவின் பேனா அப்படியே நின்றது. அளவுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. சந்தோஷமாக விளக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு இழுவைப் படகு கம்பத்தில் மோதியது. கம்பம் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. இறங்கிய கம்பத்தில் தண்ணீர் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். துறைமேடைச் சுவரை வைத்து அளந்து பார்த்தார், சரியாக அஞ்சு சென்டிமீட்டர். மேலதிகாரியிடம் ஓடினார். புதுக் கம்பம் சீக்கிரம் வந்துவிடும், அதுவரை கழித்து எழுதுங்கள், இதற்கெல்லாம் எதற்குக் காகிதம் என்றார் அவர். புதுக் கம்பம் வரவேயில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொள்வதை யாராவது சொல்லிவிட்டா மாட்டுவார்கள்? அப்படித்தான், வக்கீலம்மாவிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

“கழிக்கிறதை எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

“இல்லைங்க.”

“அந்த மேலதிகாரியைக் கூப்பிடலாமா?”

“அவர் காலமாயிட்டார்.”

“அப்போ, இந்த ஒன்பது வருஷமா புத்தகத்துல இருக்கிற எண்ணை எப்பவாவது உங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?”

அளவுக்காரர் வாயைத் திறந்தார். பொய் வராது. “பார்த்ததில்லைங்க” என்றார்.

நாலு மாசம் கழித்துத் தீர்ப்பு. நாற்பது வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள், உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நீதிபதி வாசித்தார். எண்ணெய் விற்கும் நிறுவனத்துக்குத் தன்னால் உண்டாகும் புகையைக் குறைக்கும் கடமை உண்டு என்று இந்த நீதிமன்றம் கருதுகிறது. பின்வரிசையில் யாரோ கைதட்டிவிட்டார்கள். தங்கை அண்ணனின் கையை இறுகப் பிடித்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த அறையில் எல்லாருக்கும் வீடு இருந்தது.

அதற்கப்புறம்தான் ‘ஆனால்’ வந்தது. அந்தக் கடமையை நிறைவேற்றும்படி கட்டளை கேட்பவர்கள், தங்கள் தெருவுக்கு நேர்ந்த கேட்டைக் கண்ட அளவால் நிறுவ வேண்டும். பதிவேட்டில் இருப்பது கண்ட அளவு அல்ல, கருதிய அளவு. கம்பம் ஒரே நாளில் இறங்கியதா, பின்னும் இறங்கியதா என்பதற்கு எழுத்து ஏதும் இல்லை. கழித்து எழுதியது நிறுவனத்துக்கே சாதகம் என்று மனுதாரர் தரப்பு சொல்கிறது. யாருக்குச் சாதகம் என்பதல்ல கேள்வி. வழக்கு தள்ளுபடி.

கடமை உண்டு, கட்டளை இல்லை. கம்பெனி வக்கீல் எழுந்து நின்று நன்றி சொன்னார். வெளியே போகும்போது அளவுக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டும் போனார். அந்த ஆளுக்கு அவர்மேல் நிஜமாகவே மரியாதை இருந்திருக்கும்போல. அதுதான் வயிற்றெரிச்சல்.

வராந்தாவில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக, அவர் நிற்கிற பக்கம் பார்க்காமல் படியிறங்கிப் போனார்கள். வக்கீலம்மா கட்டுகளை இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு வந்தார்.

“மேல்முறையீடு போடலாம். ஆனா சும்மா போனா இதேதான் நடக்கும். யாராவது அன்னன்னிக்குக் கண்ணால பார்த்து, பார்த்த இடத்திலேயே குறிச்சு வெச்சது ஏதாவது இருக்கா? கழிக்காம, கூட்டாம, அப்படியே? சுவர்ல கரிக்கோடு இருந்தாக்கூடப் போதும். பழசா இருக்கணும். இனிமே குறிக்கிறது செல்லாது.”

தங்கை தரையைப் பார்த்தபடி நின்றாள். வாத்தியார் முன்னால் அன்றைக்கு அவர் செய்ததை அவள் இன்றைக்குத் திருப்பிச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

“இருந்துச்சும்மா. நான்தான் பிடுங்கிப் போட்டேன்” என்றார் அளவுக்காரர்.

வக்கீலம்மா அவரை வெகுநேரம் பார்த்தார். “போட்டோ ஏதாவது இருக்கான்னு தேடிப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் உட்கார்ந்து தங்கையின் போனைத் தேடினார்கள். தைத்து முடித்த துணிகளின் படம் நூற்றுக்கணக்கில் இருந்தது. எல்லாம் முன்னறையில் எடுத்தவை. சமையலறைச் சுவரை யார் படமெடுப்பார்கள்? ஒரே ஒரு படத்தில், பேக்கரிக்காரர் மகளின் மஞ்சள் கவுனுக்குப் பின்னால், திறந்த கதவு வழியாகச் சுவரில் ஒரு கீற்று தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். ஆணியா, பூச்சியா என்றுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனார். சுவருக்கு முன்னால் மண்டிபோட்டு, உள்ளங்கையால் தடவினார். எங்காவது ஒரு மேடு, ஒரு குழி தட்டுப்படும் என்று நினைத்தார். கத்தியை எடுத்துச் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது, பட்டி உதிர்ந்தது, அதற்கடியில் உப்பில் ஊறிப்போன பூச்சும் சேர்ந்து பொலபொலவென்று கொட்டியது. துளை எது, அரிப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. மேலே போகப்போகச் சுவர் வழவழவென்று இருந்தது. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் முதல் தடவையாக அழுதார், அதுவும் ஒரு சுவரைப் பார்த்து.

தங்கை முன்னறைக்குப் போய், பொத்தான் போட்டுவைக்கிற தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். பதினேழு ஆணியும் இருந்தன. பச்சை, மஞ்சள், ஊதா, கறுப்பு. நூல் ஒன்றுகூட அவிழவில்லை.

“தேதி எல்லாம் சொல்லிடுவேன்ணா. நோட்டும் பத்திரமா இருக்கு” என்றாள்.

அளவுக்காரர் பச்சை நூல் ஆணியை எடுத்தார்.

“இது எங்க இருந்துச்சு?”

தங்கை கையைச் சுவரோரமாக முழங்கால் உயரத்துக்குக் கொண்டுபோனாள். கொஞ்சம் ஏற்றினாள். யோசித்தாள். திரும்பவும் இறக்கினாள். அந்தக் கை எந்த இடத்திலும் நிற்கவில்லை. கடைசியில் அதை மடியில் போட்டுக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

“நீதானே அளவுக்காரன்” என்றாள். “நீயே சொல்லு.”